அண்டா விளிம்பில் இருந்த கை

நீதிபதி ஐயா,

அந்தத் தேர்தல் அலுவலக அறையில் மின்விசிறி ஒன்றுதான். அதனால் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த நாற்காலியில், வேட்பாளர் ஏகாம்பரம். அவருக்கு வலப்பக்கம் நோட்டீஸ் கட்டுகளின் மேல் வட்டச் செயலாளர் அசோகன். காற்று வராத சன்னலோரம் முக்காலியில் நான். வேறு யாரும் இல்லை. அன்று தாமும் கூட இருந்ததாகப் பின்னால் நிறையப் பேர் சொல்லிக்கொண்டார்கள். அது பொய்.

நான் மனு எழுதுகிறவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என்னைப் போல இருபது பேராவது மேசை போட்டிருப்போம். அதில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யாற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். முதியோர் உதவித்தொகை, பட்டா, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் எதுவானாலும் சரி, நான் எழுதிய மனு ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்ததில்லை.

எங்கள் வார்டு கவுன்சிலர் இறந்து இடைத்தேர்தல் வந்தது. போன தடவை ஏகாம்பரம் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவர். இந்தத் தடவையும் சாக்கடை, சாம்பல் தூசு, கன்டெய்னர் லாரி என்றே பேசிக்கொண்டிருந்தார். அசோகனுக்குப் பொறுக்கவில்லை.

“வாத்யாரே, சாக்கடையப் பத்தி எழுதிக் கிழிச்சது போதும். அத்தயேதான் எதிர்க்கட்சிக்காரனும் சொல்லிகினு கீறான். ஜனம் ரெண்டு பேரையும் பாத்து சிரிக்குது. ஓட்டு வர்ற மாதிரி எதுனா எழுது.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சாக்கடை என்றால் தெரு முழுக்கச் சேர்ந்து மூக்கைப் பிடிக்கிறது. சேர்ந்து நிற்கிற தெருவுக்கு ஏகாம்பரம் எதற்கு? தெரு இரண்டாக நின்றால்தான் ‘நம்ம ஆள்’ என்ற சொல்லுக்கே வேலை வருகிறது.

அண்டாவைச் சொன்னது நான்தான். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் பெரிய பித்தளை அண்டா ஒன்று உண்டு. ரம்ஜானில் அதில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆடியில் அதே அண்டா அம்மன் கோயில் கூழுக்கு வரும். பள்ளிவாசல் வேலைகளைக் கவனிக்கும் காஜா மொய்தீன் அதைப் புளி போட்டுத் தேய்த்து, அடியில் ஒரு பிடி அரிசி போட்டு, மீன்பாடி வண்டியில் கொண்டுவருவார். திரும்பும்போது அதில் ஒரு சொம்புக் கூழ் போகும். கூழ் காய்ச்சுகிற குப்பம்மா அதில் கண்டிப்பு. வெறும் பாத்திரமாக எந்தப் பக்கமும் போகக்கூடாது. எத்தனை வருடமாக இப்படி என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைக்காத விஷயத்தைத்தான் கேள்வி கேட்பது சுலபம்.

இரண்டு மனு எழுதினேன். ஒன்று பக்தர்கள் பெயரில்: இறைச்சி வெந்த பாத்திரத்தில் அம்மனுக்குப் படைப்பதைத் தயவுகூர்ந்து தடுக்க வேண்டும். மற்றது ஜமாத்தார் பெயரில்: பள்ளிவாசல் பொருள் வேறு வழிபாட்டுக்குப் போவதைத் தயவுகூர்ந்து நிறுத்த வேண்டும். முதலாவதைப் பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலும் இரண்டாவதைக் கோயில் பக்கத்து வீடுகளிலும் போட்டோம். அவரவர் மனுவை அவரவரிடம் கொடுத்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்தவன் எழுதியதைப் படித்தால்தான் இரத்தம் சுடும். சாயங்காலத்துக்குள் எல்லாருடைய போனிலும் இருந்தது. இரண்டிலும் ஒரு வசைச்சொல் கிடையாது.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காஜா மொய்தீன் வரமாட்டார் என்று நினைத்தேன். வழக்கம்போல வண்டியோடு வந்தார். வந்தவர் கோயில் வாசலில் தயங்கினார்.

“இன்னா பாய், புதுப் பொண்ணு மாதிரி நின்னுகினு கீற?” என்றாள் குப்பம்மா. “அண்டா இன்னா மதம்னு ஆத்தா கேட்டாளா? எறக்கு.”

“ரெண்டு பக்கமும் பேஜாரா கீதுக்கா.”

“பசிச்சா எல்லாம் அடங்கிரும். எறக்கு நைனா.”

பதினொரு மணிக்குக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. தெருவின் இரண்டு முனையிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அசோகனின் ஆட்கள் நான்கு பேர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தீட்டு அண்டாவைக் கவிழ்க்கிறோம் என்று விளிம்பைப் பிடித்து இழுத்தார்கள். காஜா மொய்தீன் எதிர் விளிம்பை வெறுங்கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அடுப்புக் கல் நகர்ந்தது. அகப்பையோடு நின்ற குப்பம்மாவின் மேல் அண்டா சாய்ந்தது. ஆறாவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

புகாரையும் நான்தான் எழுதினேன். நான்கு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். ‘அண்டா சாய்ந்தபோது அதன் விளிம்பில் காஜா மொய்தீனின் இரண்டு கைகளும் இருந்தன.’ இதில் பொய் எங்கே? கை இருந்தது. அது எந்தப் பக்கம் இழுத்தது என்று ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை. அவர் இப்போது புழல் சிறையில் இருக்கிறார்.

ஏகாம்பரம் ஆயிரத்து நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்தில் அசோகன், “ஜனம் தானா பொங்கிச்சு” என்று மைக்கில் சொன்னான். தானாகவா? மூன்று வரைவு எழுதிக் கிழித்தேன், ஐயா. இந்த ஒரு காரணத்துக்காகவே எழுத உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாரும் செய்வதை நான் ஒழுங்காகச் செய்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை காஜா மொய்தீனின் மனைவி சாபிரா ஜாமீன் மனு எழுத வந்தாள். நான் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

“அண்ணே, அவரு கை ரெண்டும் வெந்து கீது. சட்டை பட்டன்கூட போட முடியல. துணி சுத்தி இழுத்தவங்கோ கை நல்லாதான கீது? கவுக்க வந்தவரு வெறுங்கையால புடிப்பாரா? இத்த எழுதுங்கண்ணே.”

அழகாக எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “அத்த காணமே?” என்றாள். அது வாதம், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றேன். நம்பிக்கையோடு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் கேட்ட அந்த வரியை இதோ தங்களுக்கு எழுதிவிட்டேன். அவர் பிடித்து நிறுத்தத்தான் பார்த்தார். இது போதும், அவரை விட்டுவிடலாம்.

கீழே என் கையெழுத்தைத் தேட வேண்டாம். மனு எழுதுகிறவன் கையெழுத்துப் போடுவதில்லை. பலன் யாருக்கோ அவர் பெயரில்தான் மனு போகும். ஆகவே அனுப்புநர் இடத்தில் சாபிராவின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் திருத்தமாக எழுதியிருக்கிறேன். இனி உறையை ஒட்ட வேண்டியதுதான். நான்கு மணித் தபாலில் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு இதைவிட யார் செய்துவிடப் போகிறார்கள்?