விபூதி தேய்த்த நாணயம்

வெள்ளியை விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது மயிலாப்பூரில் எல்லோருக்கும் தெரியும், இன்ஸ்பெக்டர் சார். செத்துப்போன என் மனைவி வைதேகிக்கும் தெரியும். என்னுடைய நினைவு நாணயங்கள் அந்த ரகம் இல்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடிக்கிற வெள்ளி நாணயங்கள் அவை. பின்புலம் கண்ணாடி மாதிரி இருக்கும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெளுத்திருக்கும். விரல் பட்டாலே ரேகை நின்றுவிடும். முப்பது வருடமாக வெள்ளைக் கையுறை இல்லாமல் நான் தொட்டதில்லை.

அன்று வரலட்சுமி நோன்பு. தி. நகர் போய்த் திரும்பினால், என் பன்னிரண்டு நாணயங்களில் ஒன்று கலசத்தின் முன்னால் குங்குமத்தோடு இருக்கிறது. இரண்டு கைகள் ஒரு சுடரைக் காக்கிற சின்னம் பொறித்தது. கண்ணாடிப் பின்புலம் முழுக்கக் கீறல்.

"ஏன்னா, கறுத்துப்போயிருந்தது. விபூதி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன், பாருங்கோ. அம்மன் முன்னால வெக்க ஆத்துல வேற வெள்ளிக் காசு ஏது?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டு மதுமதியைக் கேளுங்கள், எங்கள் வீட்டில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை என்பார். மற்ற பதினொன்றையும் தேய்த்துவைத்திருக்கிறாளோ என்று பார்க்க அறைக்குள் போனேன். தூசி வராமலிருக்கத் தாழிட்டேன். கையுறை போட்டு லென்ஸை எடுத்தேன்.

நான்காவதைப் பார்க்கும்போது தட்டினாள். அவளுக்கு ஆஸ்துமா, சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாது.

"பம்பு உள்ள இருக்கு. எடுத்துக் குடுங்கோ."

மருந்துப் பம்பு என் மேஜைமேல், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எழுந்தால் பார்வை கலையும். தாழ்ப்பாளில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, கையுறை பாழாகும். ஆறாவதின்போது கதவை நகத்தால் சுரண்டினாள். எட்டாவதின்போது சத்தம் நின்றுவிட்டது. மீதி மூன்றையும் நிதானமாகப் பார்த்தேன்.

காதில் விழவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். ஒவ்வொரு மூச்சும் கேட்டது. பம்பு தாமதமானால் என்ன ஆகும் என்று அடையாறு டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை, சார். அவற்றை அவள் தொடவே இல்லை. வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். என் தவறு அது ஒன்றுதான். கதவைத் திறந்ததும் அதற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.