சேரின் தொப்பி

மூதூர்ப் படகுக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பிள்ளை சொன்னாள்: "சேர், நாளைக்கும் தொப்பிய மறக்காமக் கொண்டு வாங்க."

அவள் கையில் விக்கெட் கீப்பரின் கையுறை. பக்கத்தில் அவள் 'சேர்' என்று கூப்பிட்ட, பள்ளிக்கூட மென்பந்துக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் கடுகடுத்த முகத்தோடு நின்றார்.

"என்ன பந்து போடுறதெண்டு இனி நீதான் சொல்லப்போறியாம். அது ஏலாது."

"நீங்கதானே சேர் சொல்றீங்க. தொப்பியத் தொட்டா ஸ்லோ பந்து, காதத் தொட்டா ஸ்பீட் பந்து."

"ஓம். இண்டைக்கு அப்பிடிச் சொல்லித்தானே நாலு பேர அவுட்டாக்கினனான்?"

பிள்ளை கையுறையைத் தடவினாள். "மற்ற ஸ்கூல் பிள்ளையளும் உங்களத்தான் சேர் பாத்துக்கொண்டு நிண்டவங்க. போன மேட்ச்சிலயே உங்கட சிக்னலக் கண்டுபிடிச்சிட்டாங்க. அதுதான், நீங்க காட்டுறதுக்கு மாறிப் போடச் சொல்லி பந்து போடுற எங்கட பிள்ளைக்குச் சொல்லி வச்சனான்."

படகு வந்து அணைந்தது. வரிசை நகர்ந்தது, சேர் நகரவில்லை. நானும் அவரைத் தாண்டிப் போகவில்லை, மிச்சக் கதையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

தொப்பியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "நாளைக்கு இன்னும் கொஞ்சம் வடிவாத் தெரியிற மாதிரித் தொடவா?"