நாலு மணிக்குள் ஒரு குரல்

— இல்ல கண்ணு, மறுக்காவும் பழைய படந்தான் வருது. பென்டிரைவ் குத்துனது குத்துனபடியே இருக்குது. கம்ப்யூட்டரு அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது.

— ஜோதிமணியக்கா, ஆன் ஆகறப்பவே எஃப் ட்வெல்வ் அமுக்கினீங்களா?

— அமுக்கினேன். விரலே நோவுது.

— தட்டித் தட்டி அமுக்கினீங்களா, ஒரே அமுக்கா புடிச்சீங்களா?

— புடிச்சுட்டேதான் இருந்தேன்.

— பேடா பேடா, வேண்டாம், புடிக்காதீங்கக்கா. தட்டணும். கதவு தட்டற மாதிரி டக் டக் டக்னு. ஆஃப் பண்ணிட்டு இன்னொரு வாட்டி பண்ணுங்க.

— இரு, போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெக்கறேன். ஆங், தட்டறேன். தட்டறேன். ஏதோ பட்டியல் வந்துச்சு கண்ணு! பென்டிரைவ் பேரு ரெண்டாவதா இருக்குது.

— சூப்பர். அதுல நிறுத்தி என்டர்.

— அமுக்கிட்டேன். அட, செவப்பு எழுத்துல என்னமோ திட்டுது. செக்யூரிட்டின்னு ஆரம்பிக்குது.

— அய்யோ கடவுளே. அதுதானா. அக்கா, அது ஒரு காவல். முத்திரை குத்தாத எதையும் உள்ள விடாது. நம்மளது இன்னும் ரிலீஸ் ஆகாத பீட்டா இல்லையா, நாங்களே ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணிட்டுத்தான் இருக்கோம். முத்திரை கிடையாது. அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன். மாடிப்படி எறங்கி வந்து நானே போட்டுக் குடுத்துடறேன்.

— ஏழு மணி ஆகாது கண்ணு. நாலு மணிக்கு எங்கூட்டுக்காரரோட அண்ணன், சென்னிமலைங்கறவரு, ஹனூருலருந்து காரு போட்டுட்டு வராரு. கையோட ஸ்ரீரங்கப்பட்டணத்துல நோயாளிகளை வெச்சுப் பாத்துக்கற இல்லத்துக்காரங்களையும் கூட்டிட்டு வராரு. அவங்க வந்து இவரைப் பாத்துட்டாங்கன்னா, திங்கக்கிழமை வண்டி வந்து தூக்கிட்டுப் போயிரும். அதுக்குள்ள இவரு வாயைத் தொறக்கோணும். அந்தக் காவலை எப்பிடி எடுக்கறதுன்னு சொல்லு.

— சரி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. இந்த வாட்டி எஃப் டூ. நீலக் கலர்ல ஒரு பக்கம் வரும்.

— வந்துருச்சு.

— மேல வரிசையில செக்யூரிட்டின்னு இருக்கும். அதுக்குள்ள செக்யூர் பூட். அதை டிசேபிள்டுன்னு மாத்தி, எஃப் டென்.

— சேவ் பண்ணட்டுமான்னு கேக்குது.

— யெஸ் குடுங்க. இப்ப மறுபடி எஃப் ட்வெல்வ் தட்டுங்க.

— தட்டறேன். ஏனுங்க, சித்த பொறுங்க, கஞ்சி கொண்டு வரேன். உன்னைய இல்ல கண்ணு, இவரைச் சொன்னேன். கட்டில்லருந்து என்னையவே பாத்துட்டு இருக்கறாரு. வைஷாலி, கறுப்பா வந்து எழுத்தா ஓடுது!

— ஓடட்டும் ஓடட்டும். கை வைக்காதீங்க.

— பாஷை கேக்குது. அட, தமிழ்னு தமிழ்லயே போட்டிருக்குது கண்ணு.

— அதுக்குத்தானே அக்கா இத்தனை பாடு. கண் அசையறதை சாதாரண கேமராவுல பார்த்து, தமிழ்ல எழுதி, தமிழ்லயே பேசறது இந்த பீட்டாவுலதான் மொதல்ல வருது. எல்லாருக்கும் வர்றதுக்கு இன்னும் மூணு மாசம் ஆகும். காலையில உங்ககிட்ட பென்டிரைவ் குடுக்கறப்ப சொன்னேன் இல்லையா, ஏதாவது எடக்குப் பண்ணும்னு.

— பண்ணட்டும். இவரு படுத்த படுக்கையாகி எட்டு மாசமா இந்தூட்டுல பேச்சில்ல. எடக்குப் பண்ணுனாலும் பேசட்டும். இப்ப என்னமோ டிஸ்கை முழுசா அழிக்கவான்னு கேக்குது.

— ஆமான்னு குடுக்கணும்.

— வைஷாலி.

— என்னக்கா?

— இதுக்குள்ளதான் இவரு பேசுனது இருக்குது. எங்க சொந்தக்காரப் புள்ள தாரணி கல்யாணத்துல பந்தியில நின்னுட்டு, ரசம் எங்கடா, ரசம் எங்கடான்னு கத்துனாரே. சைட்டுல நாப்பது எலக்ட்ரீசியனை மேய்ச்ச தொண்டை அது. அந்த ஒரு வீடியோதான் இருக்குது.

— நேத்தே என் ஹார்டு டிஸ்குல போட்டு வச்சுட்டேன்க்கா. ஒந்து நிமிஷ, இதோ என் முன்னாடியே இருக்கு, தொறக்கறேன். ஓடுது. கேக்கறீங்களா?

— வேண்டாம். கேட்டா என்ற கை ஓடாது. அமுக்கிட்டேன்.

— அமுக்கிட்டீங்களா?

— அமுக்கிட்டேன். நாலு, அஞ்சுன்னு ஏறுது.

— இருபது நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள அண்ணாவுக்கு கஞ்சி குடுங்க. நான் லைன்லயே இருக்கேன், லஞ்ச் பிரேக்தான்.

— ட்யூப்ல ஊத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். ஊத்திட்டேதான் பேசறேன்.

— அக்கா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இல்லத்துக்குப் போக அண்ணாவே சம்மதிச்சாருன்னுதானே உங்க சென்னிமலை சொல்றாரு?

— அப்பிடித்தான் சொல்றாரு. நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப பக்கத்துல உக்காந்து கேட்டாராமா. இவரு ஒருக்கா இமைச்சாராமா. ஒருக்கா இமைச்சா ஆமா, ரெண்டு தடவை இமைச்சா இல்லைன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தவளே நாந்தான். கண்ணுல தூசி விழுந்தாலும் மனுசன் இமைப்பான் கண்ணு. எட்டு மாசமா ஒவ்வொரு இமையா பாத்துட்டு இருக்கறது நானு. வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறவருக்கு என்ன தெரியும்?

— நீங்க அண்ணாவைக் கேட்டுப் பார்த்தீங்களா?

— நான் எதுக்குக் கேக்கோணும்? நான் கேட்டா, உங்களைக் கொண்டு போயி விட்டுரட்டுமான்னு கேட்டாப்பல ஆயிராதா? அந்த வார்த்தை என்ற வாயில வராது. அவரு மனசு எனக்குத் தெரியும்.

— அந்த இல்லத்துல தினம் ரெண்டு வேளை பிசியோ இருக்காம் இல்லையா?

— இருக்கட்டும். நானும் காலை மாலை கை காலை நீட்டி மடக்கி விடறேன். முதுகுல ஒரு புண்ணு வர விட்டிருப்பனா? கார்மென்ட்ஸ்லருந்து மறுபடி கூப்பிட்டாங்க, லைனுக்கு ஆளு இல்ல வாங்கன்னு. வரலைன்னுட்டேன். பதினாலு வருசம் பாத்த வேலை. இவரை விட்டுட்டா அங்க போயி நிப்பேன்?

— சரிக்கா. எத்தனை ஆச்சு?

— அறுபத்தெட்டு. அடக் கெரகமே!

— என்னாச்சு?

— கரண்டு போயிருச்சு. பேன் நின்னுபோச்சு.

— லேப்டாப்பு?

— எரியுது. ஆனா பேட்டரி பதினொண்ணுன்னு காட்டுது. இது பழசு, பத்து நிமிஷம் தாங்கறதே பெருசு.

— அக்கா, நடுவுல அணைஞ்சா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. மொதல்லருந்து வரணும். இன்வெர்ட்டர் இருக்கு இல்லையா?

— இருக்குது. அதுல ஒரே ஒரு பிளக்குத்தான். இவரு காத்து மெத்தை மோட்டாரு ஓடுது அதுல.

— அதை எடுத்தா?

— உள்ள இருக்கற காத்து அரை மணி நேரம் தாங்கும். ஆனா சொல்லாம எடுக்க மாட்டேன். ஏனுங்க, இங்க பாருங்க. மெத்தையைச் சித்த நிறுத்தட்டுங்களா? கம்ப்யூட்டரு பாதியில நிக்குது. முதுகு நோவும். பொறுத்துக்குவீங்களா? ஒருக்கா. ஒருக்கா இமைச்சுட்டாரு கண்ணு. புடுங்கி மாத்தறேன்.

— சார்ஜ் ஏறுதா?

— ஏறுது. அந்தக் கணக்கும் எழுபது, எழுபத்தி ஒண்ணுன்னு நகருது. நீ லைன்லயே இரு, இவரைச் சித்த ஒருச்சாச்சுப் படுக்க வெச்சுட்டு வரேன். அப்பத்தான் முதுகுக்குக் காத்துப் படும். ம்... ம்... ஆச்சு. எத்தனை மணி இப்ப?

— ரெண்டே முக்கால்.

— நூறு ஆயிருச்சு! பென்டிரைவை எடுத்துட்டு என்டர் அமுக்கச் சொல்லுது.

— எடுங்க. அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். கறுப்பா இருக்குது.

— கொஞ்சம் இருங்க.

— இருக்கறேன். இன்னும் கறுப்புத்தான். வைஷாலி, ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு புள்ளிகூட இல்ல.

— அய்யோ. நேத்து ஆபீஸ்லயும் ஒரு பழைய மெஷின்ல இதே மாதிரி ஆச்சு. ஸ்க்ரீன் கார்டு இதுக்கு ஒத்து வரல. அதுக்கு ஒரு வழி இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல டைப் பண்ணணும்க்கா. ஒரு எழுத்து தப்பானாலும் கேக்காது. சாயங்காலம் நான் வந்து...

— எழுத்தைச் சொல்லு. கார்மென்ட்ஸ்ல பீஸ் நம்பரு எழுதுன கைதான் இது.

— சரி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எஸ்கேப் கீயைத் தட்டுங்க. சின்னதா ஒரு பட்டியல் வரும். மொதல் வரியில நின்னுட்டு ஈ அமுக்குங்க.

— நெறைய எழுத்து வந்துருச்சு.

— லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியைத் தேடுங்க. அந்த வரிக் கடைசிக்குப் போய் ஒரு இடம் விடுங்க.

— விட்டாச்சு.

— நான் சொல்றது எல்லாம் சின்ன எழுத்து. நஞ்சன்கூட்டுக்கு வர்ற என். ஊட்டிக்கு வர்ற ஓ. மைசூருக்கு எம். மறுபடி ஊட்டி ஓ. டெல்லிக்கு டி. அப்புறம் ஈரோடுக்கு ஈ.

— என், ஓ, எம், ஓ, டி, ஈ. சொல்லு.

— ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எஸ்.

— அந்த ஊருதான் கெடச்சுதா உனக்கு? போட்டுட்டேன். அப்பறம்?

— ஸாரிக்கா. மறுபடி ஈரோடு ஈ. கடைசியா தும்கூருக்கு டி.

— ஈ, டி. முடிஞ்சுது.

— எஃப் டென் அமுக்குங்க.

— கறுப்பு. கறுப்பு. இன்னும் கறுப்பு... வந்துருச்சு! கண்ணு, வந்துருச்சு! மஞ்சளா ஒரு படம், நடுவுல வணக்கம்னு எழுதியிருக்குது!

— அப்பாடா! அக்கா, எங்க டீம்ல இருக்கறவங்களே ரெண்டு பேர் இந்த இடத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க.

— அவங்களுக்கு நாலு மணிக்கு ஆளு வரலையாட்ட இருக்குது. அடுத்தது சொல்லு.

— செட்டிங்ஸ்ல, உதவிக் கருவிகள்னு இருக்கும். அதுல கண்ணால் எழுதுதல். அதை ஆன் பண்ணி, லேப்டாப்பை அண்ணா முகத்துக்கு நேரா ஒரு முழம் தள்ளி வையுங்க.

— கரண்டு வந்துருச்சு, மெத்தை மோட்டாரையும் மறுபடி ஓட விட்டுட்டேன். ஏனுங்க, நேராப் படுக்க வெக்கறேன். இந்தாங்க, தலையணை. ஸ்க்ரீனைப் பாருங்க. கேமரா இல்லைங்குதே கண்ணு?

— ஸ்க்ரீனுக்கு மேல சின்னதா ஒரு மூடி இருக்கும், நகத்தால தள்ளுங்க.

— ஆமா, மூடி. தள்ளிட்டேன். இவரு மொகம் தெரியுது. பாருங்க, உங்க மொகந்தானுங்க. தாடி எடுத்து விட்டிருக்கோணும்.

— இப்ப அஞ்சு புள்ளி ஒண்ணொண்ணா வரும். அண்ணா ஒவ்வொண்ணையும் அது மறையற வரைக்கும் பார்க்கணும்.

— கேட்டுச்சுங்களா? மொதல் புள்ளி. ரெண்டு. மூணு. அட, கண் கிடைக்கவில்லைன்னு வந்துருச்சு.

— பின்னாடி ஜன்னல் வெளிச்சம் இருக்கா?

— திரையை இழுத்து விட்டுட்டேன். மறுக்கா பாருங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ச்சே! மறுபடியும் அதேதான். கண்ணு, இவரு எடது இமை பாதிதான் தொறக்கும், அதனாலயா?

— அதேதான்! இருங்க, நான் மறந்தே போயிட்டேன். கீழ ஒரு அம்புக்குறி இருக்கும், அதைத் தொறங்க. ஒற்றைக் கண்ணுன்னு இருக்கா? வலதுன்னு குடுங்க.

— குடுத்துட்டேன். ஏனுங்க, களைப்பா இருக்குதுங்களா? ஒரே ஒரு தடவை. எனக்காக. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. பச்சை வட்டம் வந்துருச்சு!

— ஆச்சுக்கா! ஆச்சு! எழுத்துப் பலகை வந்துச்சா? எந்த எழுத்தைப் பார்த்துட்டே இருக்காரோ அது விழும். முடிச்சதும் கீழ பேசுன்னு இருக்கறதைப் பார்க்கணும்.

— வட்டம் அவரு பாக்கற பக்கமெல்லாம் நகருது கண்ணு. தடுமாறுது. ஜ-வுல நிக்குது. எழுதிட்டு, பேசுங்கறதைப் பாக்கறாரு.

— ஜோதி.

— அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கறேன்.

— அழறீங்களா?

— பொம்பளைக் குரல்ல கூப்பிடறாரு கண்ணு.

— ஆம்பளைக் குரல் இந்த பீட்டாவுல இன்னும் வரலக்கா.

— போகட்டும். எந்தக் குரலா இருந்தா என்ன. வாசல்ல காரு சத்தம் கேக்குது, சொன்னதுக்கு முன்னாலயே வந்துட்டாங்க, அவிய அண்ணன்தான். ஏனுங்க, உங்க அண்ணன் வந்துட்டாரு. போகமாட்டேன்னு எழுதுங்க. அவரு மூஞ்சிக்கு நேரா இதைத் திருப்பி வெக்கறேன். நீங்க எழுதி முடிக்கற வரைக்கும் கதவைத் தொறக்க மாட்டேன்.

— எழுதறாராக்கா?

— எழுதறாரு. அ. ண். அண்ணன்னு எழுதியாச்சு. நல்லா நாலு வார்த்தை கேக்கட்டும்.

— அண்ணன் பொய் சொல்லல.

— ஏனுங்க? என்ன இது? வைஷாலி, தப்பா வந்துருச்சா? இது தானா வார்த்தை போட்டுக்குமா?

— இல்லக்கா. அந்த வசதி இதுல இன்னும் வரல. அண்ணா பார்த்த எழுத்து மட்டுந்தான் விழும்.

— கதவைத் தட்டறாங்க. இவரு இன்னும் எழுதறாரு. என்னையப் பாக்காம எழுதறாரு.

— போறேன்னது நாந்தான்.