‘நமது போர்க் கைதிகள்’ என்ற படக்குறிப்பு தொடர்பாகத் தையல்காரப் பெண் சொன்னது

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் குறிக்கப்பட்டுள்ளன. வயது 51. தொழில் தையல். திருமணம் ஆகவில்லை. தம்பி வீட்டில், தம்பி மனைவியுடனும் அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். தம்பி படைவீரன். பதினான்கு மாதங்களுக்கு முன் போர்முனையில் காணாமல் போனதாகக் கடிதம் வந்தது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

சென்ற திங்கட்கிழமை நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. ஆண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், முதுகுதான் தெரிகிறது. கீழே “நமது போர்க் கைதிகள், முகாமில்” என்று மட்டும் அச்சிட்டிருந்தது. தம்பி மனைவி அதை என் தையல் மேசைக்குக் கொண்டுவந்து, இடமிருந்து நான்காவது ஆளைக் காட்டி, “அண்ணி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். காணாமல் போன தம்பிக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அவனுக்குச் சட்டை வெட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தனியாக வெட்டுவேன். படத்தில் இருந்தவருக்கும் தோள் அப்படியே இருந்தது. “அவன்தான்” என்றேன். இதைச் சொன்னது நான், அவள் இல்லை. அதன் பிறகு அவள், “இளைச்சுப் போயிருப்பாரு அண்ணி, ரெண்டு அங்குலம் குறைச்சு வெட்டுங்க” என்று துணி எடுத்துவந்தாள். இரண்டு சட்டை வெட்டினேன்.

எந்த முகாம் என்று கேட்பதற்காகச் செவ்வாய்க்கிழமை மேற்படி நாளிதழ் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் செய்திப் பிரிவுக்கு அனுப்பினார். செய்திப் பிரிவில் படப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். படப் பிரிவில், படம் படைத் தகவல் அலுவலகத்திலிருந்து வந்தது என்றார்கள். இரண்டு பேருந்து மாறி அங்கே போனேன். படம்தான் எங்களுடையது, வாசகம் பத்திரிகையுடையது என்றார்கள். புதன்கிழமையும் இதே கதை. என்னைப் பந்து மாதிரி உருட்டினார்கள். வியாழக்கிழமை தகவல் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் மட்டும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, படத்தில் இருப்பவர்கள் எதிரிப் படையினர், நம் படை பிடித்து வைத்திருப்பவர்கள் என்றார்.

அதன் பிறகு நாளிதழுக்குத் திரும்பி, படக்குறிப்பு எழுதிய உதவி ஆசிரியரின் அறைக்குப் போனேன். நம் ஆட்கள் அங்கே கைதியானாலும் நமது கைதிகள், அவர்கள் ஆட்கள் இங்கே கைதியானாலும் நமது கைதிகள் என்றால் படிக்கிறவர்கள் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது என்றார். திருத்தம் போடச் சொன்னேன். “தப்பு இருந்தாத்தானேம்மா திருத்தம்? வாக்கியத்துல தப்பே இல்லையே” என்றார்.

அதன் பிறகு நான் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. நாளிதழார் என்மேல் கொடுத்த புகாரில் சொல்லப்பட்ட கத்தரிக்கோல் என்னுடையது அல்ல. அது அவர்கள் தாள் வெட்டும் கத்தரிக்கோல், துணிக்கு உதவாது. அவன்தான் என்று சொன்ன வாயாலேயே அவன் இல்லை என்றால் தம்பி மனைவி நம்பமாட்டாள், அதனால் அச்சில் வர வேண்டும் என்று விளக்கினேன். அரை மணி நேரம் கழித்து அவர் பொறுமை இழந்து, “நானாம்மா உங்க தம்பியத் தொலைச்சேன்?” என்று கத்தினார். “இல்ல சார். நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க” என்றேன்.

அதன் பிறகு அவர் ஒரு தாளை எடுத்து, “படத்தில் இருப்பவர்கள் நம் படையால் பிடிக்கப்பட்ட எதிரிப் படையினர், நம் வீரர்கள் எவரும் இதில் இல்லை” என்று எழுதி, பக்கம் அமைப்பவருக்குத் தொலைபேசியில் படித்தார். நான் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். வெளியே காவலர்கள் நின்றிருந்தார்கள். கதவை யாரும் உடைக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்லக் காவலர் எழுதியவை; யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. எனக்குப் படித்துக் காட்டியபோது ஓர் இடத்தில் “இறந்துபோன தம்பி” என்று இருந்தது. அதை அடித்து “காணாமல் போன தம்பி” என்று மாற்றச் சொன்னேன். அவர் மாற்றி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)