சூட்டில் பூட்டிய ஃபிரிட்ஜ்

லண்டனில், கிங்ஸ்பரி போகும் பேருந்தில் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தைக்கு வியர்க்கிறதா என்று மூன்றாம் முறையாகக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னார்:

"ஃபிரிட்ஜுக்குள்ளை நீங்கள் புளிக்க வச்ச பியர் கல்லாப் போச்சு."

"கல்லாவோ?"

"வாளியைத் தட்டிப் பாத்தனான். டங் எண்டுது."

"இருக்காதப்பா. இருபது டிகிரியிலை வச்சிருக்கத்தானே அந்த டெம்பரேச்சர் கொன்ட்ரோலரை வாங்கிப் பூட்டினனான். அதிலை ரெண்டு சொக்கெட். ஒண்டு சூட்டுக்கு, மற்றது குளிருக்கு."

"ஃபிரிட்ஜின்ரை பிளக்கை எதிலை பூட்டினனீங்கள்?"

"சூட்டிலை."

"ஏன்?"

"சூடு வந்தாத்தானே ஃபிரிட்ஜ் வேலை செய்யவேணும்."

குழந்தை விழித்துவிடுமோ என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அப்ப, பியர் குளிரக் குளிர, சூடு காணாது எண்டு அந்தக் கொன்ட்ரோலர் ஃபிரிட்ஜைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கு. உங்கடை டிகிரி எதிலையப்பா?"

"உம்மடை அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். என்னைப் பல்ப் மாத்தத் தெரியாதவன் எண்டு ஏற்கெனவே சொல்லித் திரியிறார். அவரின்ரை ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ரை பியர்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லியும் போட்டன்."

அந்தப் பெண்ணின் கைப்பேசி ஒலித்தது.

"ஓம் அண்ணை," என்றார். "பியரோ? அந்தமாதிரி, நல்ல திறமா வந்திருக்கு. கிளாஸ் வேண்டாம், ஒரு சுத்தியல் மட்டும் எடுத்து வையுங்கோ."