தனக்கோடிக்கு இரண்டாவது மாலை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் பஞ்சநாதன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கூனிமேட்டிலிருந்து டீக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் சேட்டு பாய் அவர்களே, பாத்தியிலிருந்து கால்கூடக் கழுவாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் உப்பளத் தாய்மார்களே, தோழர்களே! முன்வரிசையில் தனக்கோடியின் குடும்பத்தார், தங்கை செல்லம்மாளும், மகள் கலைமதியும், மருமகன் ராஜவேலும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல எனக்கு நா கூசுகிறது.

திரையுலகம் ‘தும்மல் தனக்கோடி’ என்று கொண்டாடிய நகைச்சுவை நடிகர், என் அருமைத் தம்பி தனக்கோடிக்கு நான் இரங்கல் பேசுவது இது இரண்டாவது தடவை. ஒரே மனிதனுக்கு இரண்டு தடவை இரங்கல் பேசிய பாவி இந்தத் தமிழ்நாட்டில் வேறு யாராவது உண்டா?

யார் இந்தத் தனக்கோடி? என்னோடு உப்பு வாரியவன். மூட்டை ஏற்றிய லாரியிலேயே தொற்றிக்கொண்டு சென்னைக்குப் போனவன். முதல் படத்தில் அவனுக்கு ஒரே ஒரு காட்சி. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருடன் தும்மிவிடுவான், அவ்வளவுதான். அந்த ஒரு தும்மலுக்குத் தியேட்டரே ‘நூறாயுசு!’ என்று கத்தியது. அதற்கப்புறம் அவன் தும்மாத படமே கிடையாது.

சினிமாவுக்குப் போனவன் நம்மை மறந்தானா? இல்லை! வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்து நம் பெண்களுக்குக் கண் மங்குவது அவனுக்குத் தெரியும். வருஷா வருஷம் டாக்டர்களைக் கூட்டிவந்து கண் முகாம் நடத்தினான். எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தான். போட்டுக்கொள்ள வெட்கப்பட்டார்கள். சாலம்மாள் அக்கா, ஞாபகம் இருக்கிறதா? “நான் என்னா ஹீரோயினா?” என்று கேட்டீர்கள். “ஹீரோயின் இல்லக்கா, நீ வில்லி. வில்லிதான் கண்ணாடி போடுவா” என்று அவனே மாட்டிவிட்டான். அன்றைக்கு உப்பளமே சிரித்தது.

அப்படிப்பட்டவன் இறந்துவிட்டான் என்று ஒரு நாள் டிவியில் போட்டார்கள். சிவப்புப் பட்டை, அலறுகிற பின்னணி இசை, ‘தும்மல் ஓய்ந்தது’ என்று தலைப்பு. யாரிடமும் கேட்டார்களா? இல்லை. சரி, நாம் கேட்டோமா? நாமும் இல்லை! மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தோம். மாலை வாங்கினோம். மைக் செட்டோடு அவன் வீட்டு வாசலுக்கே போனோம். செல்லம்மாள் அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் செத்துப்போன சேதியை அவள் என் மைக்கில்தான் கேட்டாள். கையில் செதிலோடு அப்படியே சரிந்தாள். நான் நிறுத்தினேனா? ‘மரக்காணத்தின் மாணிக்கமே!’ என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கலைமதியின் ஃபோன் அடித்தது. ஐதராபாத்தில் ஷூட்டிங்கிலிருந்து அவனேதான்.

“ஏம்மா, அங்க என்னா மைக் சத்தம்? வெற்றி அண்ணன் குரல் மாதிரி இருக்குது. யாரு செத்துட்டாங்க?”

மறுநாள் வந்தான். கோபப்படவில்லை. கேட்டில் தொங்கிய மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பேனரைப் பார்த்து, “போட்டோ நல்லாத்தான் இருக்குது. கிழிச்சிடாதீங்கண்ணே, அடுத்த தடவைக்கு ஆவும்” என்றான். நாம் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

பின்னாலேயே டிவிக்காரர்கள் வந்தார்கள். மன்னிப்புக் கேட்கவா? ‘உயிரோடு இருக்கிறார்’ என்று இன்னொரு பரபரப்புச் செய்தி போட! மைக்கை நீட்டி, “சார், ஒரு தும்மல் போடுங்க சார். அப்பதான் ஜனங்க நம்புவாங்க” என்று கேட்டார்கள். உயிரோடு இருக்கிற மனிதன், உயிரோடு இருக்கிறேன் என்று தும்மிக் காட்டினான் தோழர்களே! சுற்றி நின்று ‘நூறாயுசு’ கத்தியவர்கள் யார்? நாம்தான். தும்மி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தும்மினதால் வந்த தண்ணீர் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவனுக்குப் படம் வரவில்லை. “அவருக்கு உடம்பு முடியலையாமே, பாதியில ஏதாவது ஆயிட்டா?” என்று கம்பெனிகளில் தயங்கினார்கள். டிவியிலோ அவனை விடவில்லை. இருமலுக்கு ஆஸ்பத்திரி போனால் ‘கவலைக்கிடம்’. கோயிலுக்குப் போனால் ‘கடைசி ஆசை’. ஒவ்வொரு தடவையும் நாம் பதறினோம், ஃபோன் போட்டோம், அவன் சிரித்தான். போகப்போக நமக்குப் பழகிவிட்டது. அவன் சாவு நமக்கு டீக்கடை ஜோக் ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு விடியற்காலை புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து கலைமதி எனக்கு ஃபோன் செய்தாள். இதை நான் இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

“பெரியப்பா, அப்பா போயிட்டாரு. ஊருக்குக் கொண்டாறோம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுந்துபோய் டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“டிவியில ஒண்ணும் வரலையேம்மா.”

பெற்ற மகள் சொல்கிறாள். தகப்பன் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். அவளிடம் நான் டிவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்! அவள் “சரி பெரியப்பா” என்று வைத்துவிட்டாள். எவனோ அவளை ஏமாற்றியிருப்பான், மத்தியானம் தனக்கோடியே கூப்பிட்டுச் சிரிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே சொன்னதும், “மறுபடியுமா?” என்று சிரித்தீர்கள். ரோட்டில் ஆம்புலன்ஸ் போனதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு உப்பு வாரினோம்.

உடம்பை வைத்திருக்க முடியாத நிலை. சீசன் நேரம், தெரு முழுக்கப் பூட்டு. வழியில் டிரைவர் தண்ணீர் குடிக்க வண்டி நின்ற டீக்கடையில் விஷயம் தெரிந்து, போட்டது போட்டபடி ஏறி வந்தவர் சேட்டு பாய். அவர் ஒரு பக்கம், ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு பக்கம், ராஜவேல் ஒரு பக்கம். நாலாவது தோள் இல்லை. கலைமதி கொடுத்தாள். ‘அடுத்த தடவைக்கு ஆவும்’ என்றானே, அந்த அடுத்த தடவை வந்தது தோழர்களே! பேனரும் இல்லை, நாமும் இல்லை.

அதோ, பின்னால் கேமராவோடு நிற்கிறார்கள். ‘ஊரே கைவிட்ட நடிகர்’ என்று போடப்போகிறார்களாம். போடுங்கள் தம்பிகளே! வாழ்ந்தபோது கொன்றீர்கள், இறந்தபோது கண்டுகொள்ளவில்லை. அதற்காக உங்கள்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியுமா? நீங்கள் விற்றீர்கள், நாங்கள் அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து பார்த்தோம். இதையும் சேர்த்துப் போடுங்கள்.

தனக்கோடி நடத்திய கண் முகாம் நிற்காது. இந்த வருஷத்திலிருந்து சங்கம் நடத்தும். இனி இந்த ஊரில் யாருக்கு என்ன என்று கேள்விப்பட்டாலும், முதலில் அந்த வீட்டு வாசலுக்குப் போவோம், வெறுங்கையோடு போவோம். இது என் உறுதி, உங்கள் சார்பிலும் சொல்கிறேன்.

இரண்டு நிமிட மௌனம் வேண்டாம். அன்றைக்கு நாள் முழுக்க மௌனமாகத்தானே இருந்தோம்? மேசைமேல் இருக்கும் மாலையை எடுத்துக்கொள்வோம். மைக்கை அணைத்துவிட்டு, அவனைப் புதைத்த இடம் வரைக்கும் நடப்போம். செல்லம்மா, நீ முன்னால் நட. நாங்கள் பின்னால் வருகிறோம்.

கலைமதி, அன்றைக்கு நீ ஃபோனை வைத்துவிட்டாய். உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. ஊரறிய இப்போது சொல்கிறேன்.

“அழாத கண்ணு. இதோ வந்துட்டேம்மா.”