ஏஞ்சலம்மாள் டீச்சருக்கு ஒன்பது பொன்னாடை

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, இன்னும் வந்து சேராத சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் மகள் ரீனா அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட கெட்டிக்காரர்களே, இடம் கிடைக்காமல் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மன்றத்தின் செயலாளர் என்ற முறையிலும், மறைந்த ஏஞ்சலம்மாள் டீச்சருடன் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழாசிரியர் என்ற முறையிலும் பேச வந்திருக்கிறேன். சலாவுதீன் சார் கண்ணீரோடு பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. மே மாதம். தாராவி. தகரக் கூரை. பகல் பன்னிரண்டே கால் மணி. வெயிலைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய ஒரு அறிவியல் ஆசிரியைக்கு அஞ்சலி செலுத்த இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்த நம்மை என்னவென்று சொல்வது? கேட்டால், சாயங்காலம் கல்யாண வரவேற்புக்கு ஹாலை விட்டாயிற்றாம்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். நான் இந்தப் பக்கம் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்கும். "ஏல, சன்னல்ல பாருங்க. காக்கா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. பசியில நிக்கின்னு நெனைச்சியளா? அதுக்கு வேர்வை கெடையாது. வாய் வழியாத்தான் சூட்ட வெளிய தள்ளும்." என் பிள்ளைகளும் இலக்கணத்தை விட்டுவிட்டுக் காக்கையைப் பார்ப்பார்கள். அணில் ஏன் மதிலில் வயிற்றை ஒட்டிப் படுக்கிறது, நத்தை ஏன் கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறது, எல்லாம் எனக்கும் அந்தத் தட்டி வழியாகத்தான் தெரியும். கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் வகுப்புக்கு நகப்பாலிஷ் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மறுநாள் பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவரோ இலையின் அடிப்பக்கத்தில் பாலிஷைப் பூசி, காய்ந்ததும் உரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். காலையில் பறித்த இலையில் குட்டிக் குட்டி வாய்கள் திறந்திருந்தன. அதே செடியில் மதியம் பறித்த இலையில் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளச் செடி அப்படிச் செய்கிறதாம். அதோடு விட்டாரா? "இலைக்கே தெரியுது சார், மத்தியானம் வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு. நம்ம மேடையில பேசுதவங்களுக்குத்தான் தெரியல" என்றார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் செய்த தொண்டு என்ன? எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் மயங்கி விழுந்தார்கள். பட்டினி என்றோம் நாம். அவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர்கள் குடித்திருக்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். வீட்டுப் பக்கம் பொதுக் கழிப்பறையில் நீண்ட வரிசை, பள்ளியில் பூட்டு. "செடி தண்ணியில்லாம வாடுது. இந்தப் பிள்ளைக தண்ணிய கண்ணு முன்னால வச்சிக்கிட்டு வாடுது" என்று சொல்லிவிட்டு நேரே போய்ச் சாவியை வாங்கினார். ஓய்வு பெறும் நாள்வரை அந்தச் சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது. தினமும் பினாயில் ஊற்றிக் கழுவச் செய்ததும் அவர்தான். அப்போது நாம் அவருக்கு ஒரு கைக்குட்டையாவது கொடுத்தோமா?

இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருடம் கழித்து நமக்கு ஞாபகம் வந்தது. பாராட்டு விழா எடுத்தோம்.

சென்ற ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு, இதே ஹாலில், பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா. சிறப்பு விருந்தினர் வந்தது ஒன்றரை மணிக்கு. அதுவரை நாம் என்ன செய்தோம்? பொன்னாடை போர்த்தினோம். மன்றத்துக்கு ஒன்று, மகளிர் அணிக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, ஜமாஅத்துக்கு ஒன்று, பழைய மாணவர்கள் குழுகுழுவாக ஐந்து. எல்லாம் பாலியஸ்டர். எழுபத்தொரு வயது மனுஷி இரண்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். வைத்தவுடன் கொடுத்தவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கள் பொன்னாடை போட்டோவில் தெரிய வேண்டாமா? இரண்டையும் திரும்ப எடுத்து அவர் தோளில் போட்டது யார்? நான். படத்தில் விழுகிறது என்று போட்டோக்காரர் சொன்னதும் அவருடைய தண்ணீர் பாட்டிலை மேஜைக்கு அடியில் தள்ளியது யார்? அதுவும் நான்.

"சார், தல கிறுகிறுன்னு வருது. எப்ப முடியும்?" என்று கேட்டார். "அஞ்சே நிமிஷம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தேன். விருந்தினர் வரும்வரை ஓட்டுங்கள் என்று நம் இணைச்செயலாளர் ஸ்டெர்லின் சைகை காட்டினார். நாற்பது நிமிடம் ஓட்டினேன். எதைப் பற்றிப் பேசினேன் தெரியுமா? டீச்சரின் பொறுமையைப் பற்றி.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அதுவரை வழிந்துகொண்டிருந்த வேர்வை நின்று, நெற்றி காய்ந்திருந்தது. பரவாயில்லை, சூடு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "வேர்வை நின்னுபோச்சுன்னா ஒடம்பு கைய விட்டுட்டுன்னு அர்த்தம்ல, ஓடிப்போய்த் தண்ணிய ஊத்துங்க" என்று இருபத்தாறு வருடம் அந்தத் தட்டிக்குப் பின்னால் அவர் கத்தியது என் காதில் விழவே இல்லையா? விழுந்தது. ரீனா, உன்னிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்? மறுநாள் விடிவதற்குள் டீச்சர் போய்விட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி எடுப்பது வழக்கம். எடுக்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இந்த மன்றத்தில் பகல் கூட்டம் கிடையாது. பொன்னாடை கிடையாது. மேடையிலும் சரி, கீழேயும் சரி, தண்ணீர் இல்லாமல் ஒரு நாற்காலி கிடையாது. யாருக்காகவும் யாரையும் காக்க வைப்பது...

ஒரு நிமிடம். ஸ்டெர்லின் சீட்டு நீட்டுகிறார். வாசிக்கிறேன், எல்லோரும் கேளுங்கள். 'சீஃப் கெஸ்ட் சயான் சிக்னலில். கால் மணி நேரம் ஓட்டவும்.'

ஓட்ட மாட்டேன், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வரிசையில் டீச்சரின் பக்கத்து வீட்டு அகிலாண்டம் அக்கா உட்கார்ந்திருக்கிறார். நான் பேச வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது துடைக்கவில்லை. அக்கா, இங்கே பாருங்கள். வேர்க்கிறதா?

ஒண்ணுமில்ல, பேசுங்க என்று கையைக் காட்டுகிறார்.

பேச மாட்டேன் அக்கா. ஸ்டெர்லின், சீட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்து ஃபேனை இங்கே திருப்புங்கள். ரீனா, நீ அக்காவை ஒரு கை பிடிம்மா, நான் இறங்கி வருகிறேன். மற்றவர்கள் வழிவிட்டு வீட்டுக்குப் போங்கள். கூட்டம் முடிந்தது.